செகண்ட் ஹேண்ட் ப்ராசஸர்: மேல எழுதியிருக்கிறது நெசம்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பழைய ப்ராசஸர் வாங்குறவங்க திரும்பத் திரும்ப கேக்குறத இங்க ஒண்ணா போட்டிருக்கேன். இன்டெல் கதைதான் ஜாஸ்தி இருக்கும், நம்ம பக்கம் ஆபீஸ்லயும் லாட்ஜுலயும் கழிச்சு விடுற பழைய சிஸ்டம் பெரும்பாலும் அதுதானே.

ப்ராசஸர் மேல ஐ7ண்டு போட்டிருந்தா அது ஐ7தானே? அதுல என்ன ஏமாத்து வேல செய்ய முடியும்?

மேல நீங்க பாக்குறது வெறும் மூடி. செம்புத் தகட்டுல நிக்கல் பூசி அதுல லேசர்ல எழுத்து போட்டிருப்பாங்க, வேல செய்யுற சில்லு அதுக்கு அடியில இருக்கு. மூடிய தேச்சு புதுசா எழுத்து போடலாம், மூடியவே கழட்டி வேற ப்ராசஸரோட மூடிய ஒட்டலாம். இது புது வேலையும் இல்ல, 90கள்லயே வேகம் கம்மியான பென்டியத்த வாங்கி மேல நம்பர மாத்தி கூட வேகம்ண்டு வித்தாங்க. 2017ல வெளிநாட்டுல ரைசன் 7 டப்பாவ பிரிச்சா உள்ள பழைய இன்டெல் ப்ராசஸர் மேல ரைசன் ஸ்டிக்கர் ஒட்டி இருந்துச்சு.

ஆனா உண்மைய சொல்லணும்ண்டா நம்ம ஏரியாவுல இந்த மாதிரி தேய்ச்ச கேஸ் அபூர்வம். 2000, 3000 ரூபா சாமானுக்கு லேசர் மிஷின் வச்சு யாரு மெனக்கெடுவா. இங்க நடக்குறது வேற: விக்கிறவருக்கே என்ன விக்கிறோம்ண்டு தெரியாது, இல்ல தெரிஞ்சே பாதிய சொல்லி மீதிய முழுங்கிருவாரு. "ஐ5ண்ணே, சூப்பர் ஸ்பீடு"ண்டு சொல்றதுல பொய் எதுவும் இருக்காது, எந்த ஐ5ங்குறதுலதான் எல்லாமே இருக்கு.

கேபினெட் மேல ஐ7 ஸ்டிக்கர் இருக்கு, அத நம்பலாமா?

வேணாம். அந்த ஸ்டிக்கர் தனியா கட்டுக்கட்டா கிடைக்குது.

கடையில ஆன் பண்ணியே காட்டுறாங்க, சிஸ்டம் ப்ராப்பர்டீஸ்ல ஐ7 3770ண்டு வருது. அப்புறம் என்ன சந்தேகம்?

அங்கதான் சந்தேகமே. விண்டோஸ் அந்த பேர ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸ் தன் விவரத்தையெல்லாம் எழுதி வைக்கிற இடம்) இருந்து எடுத்து காட்டுது. பூட் ஆகும்போது ப்ராசஸர்கிட்ட கேட்டு ரெஜிஸ்ட்ரியில எழுதி வச்சுக்கும், அப்புறம் யாரு வேணாலும் அந்த இடத்த திறந்து பேர மாத்திக்கலாம், "ஐ9"ண்டு போட்டாக்கூட அப்படியே காட்டும். ரீஸ்டார்ட் பண்ணா பழைய பேரு திரும்ப வந்துரும்தான், ஆனா அதுக்கும் வழி இருக்கு, ஸ்டார்ட்டப்புல ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் போட்டுட்டா ஒவ்வொரு தடவையும் பொய்ப் பேர எழுதிரும், நீங்க ரீஸ்டார்ட் பண்ணி பாத்துட்டு சந்தோஷமா காசு குடுத்துட்டு வந்துருவீங்க.

அவசரத்துக்கு பாக்கணும்ண்டா டாஸ்க் மேனேஜர திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போங்க. மேல இருக்கிற பேர விட்டுருங்க, கீழ கோர் (உள்ள வேல செய்யுற பகுதி) எத்தன, லாஜிக்கல் ப்ராசஸர் (ஒரே நேரத்துல ஓடுற த்ரெட்) எத்தன, எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளயே இருக்கிற சின்ன மெமரி) எவ்வளவுண்டு பாருங்க. பேர மாத்துறவன் பெரும்பாலும் இத மாத்த மாட்டான். 3770ண்டா 4 கோர், 8 லாஜிக்கல், 8 எம்பி கேஷ் வரணும். மேல 3770ண்டு இருந்து கீழ 2 கோர், 4 லாஜிக்கல், 3 எம்பிண்டு இருந்தா அது ஐ7 இல்ல, பேச்சே கிடையாது.

அப்ப முழுசா நம்பக்கூடியது எதுண்ணே?

உங்க சொந்த பென்டிரைவ். வீட்டுலயே உபுண்டு மாதிரி ஒரு லினக்ஸ பென்டிரைவ்ல ஏத்தி வச்சுக்குங்க, 8 ஜிபி போதும். கடைக்கு போனா அவங்க ஹார்ட் டிஸ்க்ல இருந்து பூட் பண்ண விடாம உங்க பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ணுங்க, "ட்ரை" மோடுலயே ஓடும், எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம், அவங்க சிஸ்டத்துக்கு ஒண்ணும் ஆகாது. டெர்மினல (கட்டளை அடிக்கிற ஜன்னல்) திறந்து எல்எஸ்சிபியு (lscpu)-ண்டு இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல, இடம் விடாம அடிச்சு எண்டர் தட்டுங்க. ப்ராசஸர் தன்னப் பத்தி சொல்ற எல்லாமே வரிசையா வந்து விழும்: மாடல் பேரு, ஃபேமிலி, மாடல் நம்பர், ஸ்டெப்பிங், ஒரு கோருக்கு எத்தன த்ரெட், கேஷ் எவ்வளவுண்டு. விண்டோஸ் பக்கமே போகாததால ரெஜிஸ்ட்ரி தில்லுமுல்லு இங்க செல்லாது.

பென்டிரைவ்ல பூட் பண்ண விட மாட்டேங்குறவர்கிட்ட வாங்காதீங்க. "பாஸ்வேர்டு தெரியல", "பயாஸ்ல போனா லாக் ஆயிரும்" இதெல்லாம் கேட்டா வண்டிய எடுத்துட்டு கிளம்பிருங்க.

பூட் பண்ண நேரமில்லண்டா கொறஞ்சது பயாஸ் ஸ்க்ரீனாவது (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி போர்டே காட்டுறது) பாருங்க. இன்டெல்ல பயாஸ் காட்டுற பேரு நேரா ப்ராசஸர்ல இருந்து வர்றது.

சிபியு-இசட் போட்டு பாத்தா போதாதா?

போதும், ஆனா நீங்களே டவுன்லோடு பண்ணி கொண்டு போனதா இருக்கணும், அவங்க டெஸ்க்டாப்புல ஏற்கனவே கிடக்குறத க்ளிக் பண்ணி பாக்குறதுல அர்த்தம் இல்ல. அதுல ரெண்டு வரி இருக்கும், "நேம்", "ஸ்பெசிஃபிகேஷன்". நேம்ங்குறது அந்த சாஃப்ட்வேர் தன் லிஸ்ட்ட பாத்து போடுறது, ஸ்பெசிஃபிகேஷன்தான் ப்ராசஸர் தானா சொல்றது. ரெண்டும் ஒத்து வரலண்டா கொஞ்சம் நின்னு யோசிங்க. பக்கத்துல கோட்நேம், டெக்னாலஜிண்டு இருக்கும், சாண்டி பிரிட்ஜுண்டா (ரெண்டாவது ஜெனரேஷன்) 32 நானோமீட்டர், ஐவி பிரிட்ஜும் (மூணாவது) ஹாஸ்வெல்லும் (நாலாவது) 22, ஸ்கைலேக் (ஆறாவது) 14.

மாடல் நம்பர்ண்டு லினக்ஸ்ல வருதே, அது என்னத்துக்கு?

அதுதான் ஜெனரேஷன பிடிச்சு குடுக்குற இடம். இன்டெல் டெஸ்க்டாப்ல ஃபேமிலி 6ண்டு வரும், அது கூட மாடல் 42ண்டா ரெண்டாவது ஜென், 58ண்டா மூணாவது, 60ண்டா நாலாவது, 94ண்டா ஆறாவது, 158ண்டா ஏழு, எட்டு, ஒம்போது இதுல ஏதோ ஒண்ணு, 165ண்டா பத்தாவது. கோர் 2 டுவோ, குவாட்ல கடைசியா வந்ததுக்கு 23. மூணாவது ஜென்ண்டு காசு வாங்கிட்டு 42 காட்டுனா அது ரெண்டாவது ஜென்தான், ஐ5 2400 மாதிரி. சிபியு-இசட்ல இதே நம்பர் வேற கணக்குல வரும், 42 அங்க 2ஏ-ண்டும் 58 அங்க 3ஏ-ண்டும் இருக்கும், பயப்பட வேணாம்.

ஐ5 3470ண்டு சொல்லி வாங்குனேன் காக்கா, ரெண்டு கோர்தான் காட்டுது. டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்ல, கடைசியில ஒரு எழுத்த முழுங்கிட்டாங்க. உங்ககிட்ட இருக்கிறது 3470டி (T). சாதா 3470ண்டா 4 கோர், 4 த்ரெட், 6 எம்பி கேஷ், 3.2 கிகாஹெர்ட்ஸ், 77 வாட். டி போட்டதுக்கு 2 கோர், 4 த்ரெட், 3 எம்பி, 2.9 கிகாஹெர்ட்ஸ், 35 வாட். பேரு ஐ5, வேல கிட்டத்தட்ட ஐ3. நாலாவது ஜென்ல 4570டி-யும் இதே கததான், ரெண்டு கோர். ரெண்டாவது ஜென்ல 2390டி.

இது ஏன் நம்ம பக்கம் அடிக்கடி வருதுண்டா, பேங்க்கு, கம்பெனிண்டு கழிச்சு விடுற குட்டி டெஸ்க்டாப்ல சூடு கம்மியா இருக்கணும்ண்டு டி போட்டதத்தான் வச்சிருப்பாங்க, அத கழட்டி தனியா விக்கும்போது அந்த எழுத்து காணாப் போயிரும். பில்லிங் போட, இ-சேவை மையத்துல உக்காந்து சர்ட்டிஃபிகேட் அடிக்க இது தாராளமா போதும், கரண்டும் மிச்சம். ஆனா 3470 ரேட்டுக்கு வாங்கக்கூடாது. எஸ் போட்டதுக்கு பயம் இல்ல, 3470எஸ்-ல 4 கோரும் இருக்கும், வேகம் மட்டும் கொஞ்சம் கம்மி.

எல்லா டி-யும் ரெண்டு கோர் இல்ல, 4590டி-ல நாலு இருக்கு. அதனால முழு மாடல் நம்பர கடைசி எழுத்தோட கேட்டு வாங்கி, இன்டெல் சைட்டுல போட்டு பாத்துருங்க, கோரு, கேஷு எல்லாம் அங்க போட்டிருக்கு.

ஐ7 3770 வாங்கியிருக்கேன், 4 லாஜிக்கல்தான் வருது. ஐ5-அ குடுத்துட்டாங்களா?

கேஷ பாருங்க. 8 எம்பி இருந்தா ஐ7தான், பயாஸ்ல யாரோ ஹைப்பர் த்ரெடிங்க (ஒரு கோர ரெண்டு லாஜிக்கலா காட்டுற வசதி) ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க, ஆன் பண்ணா 8 வந்துரும். 6 எம்பிண்டா ஐ5.

3.4 கிகாஹெர்ட்ஸ்ண்டு சொன்னாங்க, 1.6தான் ஓடுது?

சும்மா இருக்கும்போது அப்படித்தான் இறங்கி நிக்கும். ரெண்டாவது, மூணாவது ஜென் 1.6க்கு இறங்கும், நாலாவதுல இருந்து 0.8க்கே இறங்கும். ஏதாவது வேல குடுத்துட்டு பாருங்க, ஏறும். லோடு குடுத்தும் ஏறலண்டா சூடா இருக்காண்டு பாருங்க, நம்ம ஊரு வெயில்ல ஷீட்டு போட்ட கடைக்குள்ள ஓடுன சிஸ்டம், ப்ராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவுல தடவுற பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பா நிக்கும், அந்த சூட்டுல ஒரிஜினல் ஐ7-உம் மெதுவாத்தான் போகும். ஸ்பீடு கம்மிண்டு மட்டும் வச்சு போலிண்டு சண்ட போடாதீங்க.

ப்ராசஸர கையில குடுத்துட்டாங்க, போட்டு பாக்க போர்டு இல்ல. என்னத்த பாக்குறது?

மொதல்ல ஒரு துணியில கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு பழைய பேஸ்ட்ட தொடச்சிருங்க. இன்டெல் எழுத்து லேசர்ல பொறிச்சது, தொடச்சா போகாது. தொடைக்க தொடைக்க எழுத்து கரைஞ்சா அத அங்கயே வச்சுட்டு வந்துருங்க.

அப்புறம் மாடல் பேருக்கு பக்கத்துலயோ கீழயோ அஞ்சு எழுத்துல ஒரு கோடு நம்பர் இருக்கும். ஐ5 2400க்கு SR00Q, ஐ7 2600க்கு SR00B, ஐ3 2120க்கு SR05Y, ஐ5 3470க்கு SR0T8, ஐ7 3770க்கு SR0PK, ஐ3 3220க்கு SR0RG, நடுவுல வர்றதெல்லாம் பூஜ்யம், ஓ கிடையாது. கோர் 2 காலத்துல எஸ்எல்லுண்டு ஆரம்பிக்கும், ஈ8400க்கு SLB9J. இந்த கோட போன்ல தேடுனா எந்த மாடல்ண்டு ஒடனே வந்துரும். மேல ஐ7ண்டு இருந்து கோடு ஐ3யோடதா இருந்தா கத முடிஞ்சுச்சு. எழுத்த மாத்துறவன் பெரிய பேர மட்டும் மாத்திட்டு சின்ன கோட மறந்துருவான், அதனால சின்னதத்தான் மொதல்ல படிக்கணும்.

கீழ பேட்ச் நம்பர் ஒண்ணு இருக்கும், அதுலயும் விஷயம் இருக்கு. மொத எழுத்து எங்க செஞ்சதுண்டு, எல்லுண்டா மலேசியா, எக்ஸுண்டா வியட்நாம், 3ண்டா கோஸ்டாரிகா. ரெண்டாவது வருஷத்தோட கடைசி நம்பர். அடுத்த ரெண்டும் எத்தனாவது வாரம்ண்டு. எல்433ண்டு ஆரம்பிச்சா 2014ல 33வது வாரம் மலேசியாவுல செஞ்சது. ஐ7 4790 மார்க்கெட்டுக்கு வந்ததே 2014ல, அது மேல 2012 பேட்ச் நம்பர் இருந்தா அந்த மூடி வேற எதோடதோ. மேல மலேசியாண்டு ஊர் பேரும் எழுதியிருக்கும், பேட்ச் எழுத்தும் அதுவும் ஒத்துப்போகுதாண்டும் பாத்துக்குங்க.

எழுத்தே மங்கிப் போயிருக்கு, தேச்சிருக்காங்களா இல்ல உப்புக்காத்தா?

நம்ம கடக்கரை சாமானுக்கு இது ஞாயமான கேள்வி. உப்புக்காத்து மொதல்ல பிடிக்கிறது அலுமினிய ஹீட்சிங்க்க, வெள்ள வெள்ளையா பொடி பூத்திருக்கும். போர்டுல செம்பு தெரியுற இடத்துல பச்ச பிடிக்கும். கேபினெட் ஸ்க்ரூ துரு ஏறி திருகவே வராது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கடலப் பாத்த வீட்டுல ஓடுன சிஸ்டம்ண்டா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். ஆனா ப்ராசஸர் மூடி மேல பேஸ்ட்டும் ஹீட்சிங்க்கும் அழுத்திக்கிட்டு இருக்கிறதால அங்க அவ்வளவா ஏறாது. அதனால போர்டெல்லாம் பளபளண்டு இருந்து மூடி மட்டும் மங்கி இருந்தா அது காத்தோட வேல இல்ல.

தேச்சதுக்கு அடையாளம் வேற. கோடு கோடா ஒரே பக்கமா கீறல் ஓடும், ஓரம் மழுங்கியிருக்கும், சில இடத்துல நிக்கல் போயி செம்பு நிறம் எட்டிப் பாக்கும். போன் டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சு பாருங்க, நேரா அடிச்சா தெரியாது. சில பேரு சூடு கொறையட்டும்ண்டு தாங்களே மூடிய தேச்சு மட்டம் பண்ணுவாங்க, அது ஏமாத்து இல்ல, ஆனா எழுத்தும் போயிரும், அப்ப போர்டுல போட்டு பாக்காம காசு குடுக்கக்கூடாது.

கவுத்திப் போட்டு அடியில இருக்கிற தங்கப் புள்ளியையும் பாத்துருங்க, கருப்பா கருகுன புள்ளி இருந்தா வேணாம்.

மேல "இன்டெல் கான்ஃபிடென்ஷியல்"ண்டு போட்டிருக்கு, மாடல் பேரே இல்ல?

அது இன்ஜினியரிங் சாம்பிள். மார்க்கெட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ண இன்டெல் குடுக்குறது, விக்கிறதுக்கு இல்ல, வாரண்டியும் கிடையாது. கோடு எஸ்ஸுல ஆரம்பிக்காம கியூவுல ஆரம்பிக்கும், நாலு எழுத்து. சாஃப்ட்வேர்ல பாத்தா மாடலுக்கு பதிலா 0000ண்டு வரும். ஓடும், ஆனா எல்லா போர்டுலயும் ஓடாது, ஸ்பீடும் கடைக்கு வந்தத விட கம்மியா இருக்கலாம். ஆன்லைன்ல "ஐ9 பாதி விலை"ண்டு போடுறதுல இது கலந்து வரும்.

சாக்கெட்ட வச்சு கண்டுபிடிக்கலாமா?

பாதி தூரம் வரைக்கும். கோர் 2க்கு 775, ரெண்டு, மூணாவது ஜென்னுக்கு 1155, நாலாவதுக்கு 1150, ஆறுல இருந்து ஒம்போது வரைக்கும் 1151, பத்து, பதினொண்ணுக்கு 1200, பன்னெண்டுல இருந்து பதினாலு வரைக்கும் 1700. ஓரத்துல இருக்கிற வெட்டு இடம் மாறும், அதனால 1155 ப்ராசஸர 1150ல உக்கார வைக்க முடியாது. நாலாவது ஜென்ண்டு சொல்லி குடுத்தது உங்க நாலாவது ஜென் போர்டுல உக்காரலண்டா அமுக்காதீங்க, பின்னு மடங்கிரும், அது நாலாவதே இல்ல. ஆனா ஒரே சாக்கெட்டுக்குள்ள பென்டியத்த ஐ5ண்டு மாத்திச் சொன்னா இந்த சோதனையில சிக்காது.

இன்னொண்ணு, ஹெச்61 போர்டுல மூணாவது ஜென் போட்டு டிஸ்ப்ளே வரலண்டா ஒடனே ப்ராசஸர் போலிண்டு முடிவு கட்டாதீங்க, அந்த போர்டு ரெண்டாவது ஜென்னுக்கு வந்தது, பயாஸ் அப்டேட் பண்ணா எடுத்துக்கும்.

ஏஎம்டி ப்ராசஸருக்கும் இதே மொறதானா?

கோர், கேஷ் கணக்கெல்லாம் அதேதான். ஒரு வித்தியாசம் உண்டு, ஏஎம்டியில பேர பயாஸ் எழுத முடியும். போர்டுக்கு தெரியாத ப்ராசஸர்ண்டா "அன்னோன்"ண்டு காட்டும், அதுக்கு ப்ராசஸர் போலிண்டு அர்த்தம் இல்ல. தலைகீழாவும் நடக்கும்: பழைய ஃபீனம் 2 எக்ஸ்2 550ல பூட்டி வச்ச ரெண்டு கோர சில போர்டு திறந்து விட்டுரும், அப்ப பேரு எக்ஸ்4 பி50ண்டு மாறிரும். பி50ண்டு ஒரு மாடல ஏஎம்டி கடைக்கு கொண்டு வந்ததே இல்ல. அத நாலு கோர்ண்டு வாங்கி உங்க போர்டுல போட்டா ரெண்டு கோரா வந்து நிக்கும். அதனால ஏஎம்டிண்டா மூடி மேல இருக்கிற நீள நம்பர படிங்க, எஃப்எக்ஸ் 8350ண்டா எஃப்டி8350ண்டு ஆரம்பிக்கும். ஏஎம்4 ரைசன்னா அடியில பின்னு இருக்கணும், 1331 பின்னு, ரைசன் 5 3600ண்டு சொல்லி அடியில வெறும் புள்ளியா இருந்தா கையிலயே வாங்காதீங்க.

"சர்வர் ஐ7"ண்டு ஒண்ணு விக்கிறாங்களே?

அப்படி ஒண்ணு கிடையாது, அது ஜியான். பழைய சர்வர்ல இருந்து கழட்டுனது. ஈ5 2670ண்டா 8 கோர், 20 எம்பி கேஷ், வீடியோ எடிட்டிங்குக்கு காசுக்கு மேல உழைக்கும், ஆனா உள்ளுக்குள்ள கிராஃபிக்ஸ் இல்ல, கார்டு தனியா போடணும், கரண்டும் தின்னும். 775 போர்டுல ஈ5450 ஜியான ஸ்டிக்கர் ஒட்டி, வெட்டு போட்டு உக்கார வச்சு "கோர் 2 குவாட்"ண்டு விக்கிறதும் உண்டு. 3.0 கிகாஹெர்ட்ஸ், 12 எம்பி, கியூ9650 அளவுக்கு ஓடும், ஏமாத்தம்ண்டு நான் சொல்ல மாட்டேன், ஆனா சொல்லிட்டு விக்கணும்.

மச்சான் துபாய்ல இருந்து ஐ7 லேப்டாப் கொண்டு வந்தாரு, எங்கிட்ட இருக்கிற ஐ5 டெஸ்க்டாப்ப விட மெதுவா இருக்கே?

இருக்கத்தான் செய்யும். ஐ7 5500யூ, 7500யூ இதெல்லாம் 2 கோர், 4 த்ரெட், 15 வாட். ஐ5 4590 டெஸ்க்டாப்ல 4 கோர் இருக்கு, 84 வாட் வரைக்கும் இழுக்கும். லேப்டாப்புல எட்டாவது ஜென்ல இருந்துதான் யூ போட்டதுக்கும் 4 கோர் வந்துச்சு, அதுல ஐ5 8250யூ-வே பழைய ஐ7 7500யூ-வ தூக்கி சாப்டுரும். கீழக்கரை பக்கம் கல்ஃப் லேப்டாப் கை மாறும்போது ஐ7ங்குற பேருக்காகவே ரேட்டு ஏறுது, மச்சான்கிட்ட சொல்ல வேணாம், நீங்க விக்கும்போது வாங்குறவர்கிட்ட மட்டும் முழு நம்பர சொல்லிருங்க.

விண்டோஸ் 11 ஓடும்ண்டு காட்டுறாங்க, அப்ப எட்டாவது ஜென்தானே?

இல்ல. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி எட்டாவது ஜென்னும் டிபிஎம் 2.0வும் (பாதுகாப்பு வசதி) வேணும், ஆனா அந்த சோதனைய தாண்டி மூணாவது ஜென்லயே ஏத்தி விடுறாங்க. 2025 அக்டோபர் 14ல விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து இது ஜாஸ்தி ஆயிருச்சு. விண்டோஸ வச்சு ஜென்ன முடிவு பண்ணாதீங்க, மேல சொன்ன மாடல் நம்பர பாருங்க.

சென்னையில இருந்து கூரியர்ல வருது, நேர்ல பாக்க வழியில்ல. என்ன செய்ய?

காசு போடுறதுக்கு முன்னாடி ரெண்டு கேளுங்க: மூடி மேல எழுத்து தெளிவா தெரியுற போட்டோ, அதே ப்ராசஸர் ஓடும்போது பயாஸ் ஸ்க்ரீன வீடியோ காலுல நேரா. போட்டோவுல இருக்கிற பேட்ச் நம்பர எழுதி வச்சுக்குங்க, வந்து சேந்தது அதுதானாண்டு அப்பதான் சொல்ல முடியும். பார்சல பிரிக்கும்போது வெட்டாம ஒரே வீடியோவா எடுங்க. கடையா இருந்தா பில்லுல முழு மாடல் நம்பர எழுதச் சொல்லுங்க, "ஐ5 ப்ராசஸர்"ண்டு மட்டும் போட்ட பில்ல வச்சு எதையும் கேக்க முடியாது. பில்லு சரியா இருந்து கட மாத்தித் தர மாட்டேண்டா 1915க்கு நுகர்வோர் புகார் போடலாம். காச வாங்கிட்டு ஆளே காணாப் போயிட்டா 1930க்கு ஒடனே அடிங்க, நாள் கடத்துனா காச நிப்பாட்ட முடியாது.

எல்லாம் சரியா இருக்கு, ஐ5 9400எஃப்ண்டு பயாஸ்லயே பாத்துட்டுதான் வாங்குனேன், வீட்டுல வந்து போட்டா டிஸ்ப்ளே வரல?

எஃப் போட்டா உள்ள கிராஃபிக்ஸ் வேல செய்யாது. கடையில கார்டு போட்டு காட்டியிருப்பாங்க. ஒரு சின்ன கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டுங்க, கேபிள போர்டுல சொருகாம அந்த கார்டுல சொருகுங்க.